காவிரியின் சொந்த மீன்

1946-ம் ஆண்டு மார்ச் மாதம். மைசூரைச் சேர்ந்த டி வெட் வான் இங்கன் கபினி ஆற்றில் தூண்டில் போட்டு ஒரு மீனைக் கரையேற்றினார். எடை 120 பவுண்டு. கிலோவில் சொன்னால் 54. வேட்டையில் விழுந்த புலி, சிறுத்தைகளைப் பாடம் செய்து கொடுப்பதில் உலகப் பெயர் பெற்றிருந்த குடும்பம் அவருடையது. தூண்டிலில் சிக்கிய மஹ்சீர் மீன்களைப் பற்றிப் பேசுகிறவர்கள் இன்றும் அந்த 120 பவுண்டைத்தான் அளவுகோலாக வைத்துப் பேசுகிறார்கள்.

காவிரியிலும் அதன் கிளையாறுகளிலும் தவிர வேறெங்கும் இயற்கையாக வாழாத மீன் இது. முதுகில் திமில் எழும்பி நிற்பதால் ‘திமில் மஹ்சீர்’ என்கிறார்கள். இதன் சரியான அறிவியல் பெயர் எது என்பது 2018-ல்தான் உறுதியானது. அதே 2018-ல், இயற்கைப் பாதுகாப்புக்கான பன்னாட்டு ஒன்றியம் தன் சிவப்புப் பட்டியலில் இந்த மீனைச் சேர்த்தது. சேர்த்த இடம், இயற்கையில் முற்றாக அழிந்துபோகும் நிலைக்கு முந்தைய படி. வங்கப் புலிக்குக்கூட அந்தப் பட்டியலில் இதைவிட நல்ல இடம்.

அணை, வெடி, நஞ்சு, மணல் கொள்ளை என்று வழக்கமான காரணங்கள் எல்லாம் இதற்கும் உண்டு. ஆனால் இந்த மீனின் கதையில் நம்மை உறுத்த வேண்டிய காரணம் வேறொன்று. மஹ்சீரைக் காப்பாற்றுகிறோம் என்று நல்லெண்ணத்தோடு செய்த வேலையே காவிரியின் மஹ்சீருக்கு எதிராகத் திரும்பியது.

கயத்திலும் ஓட்டத்திலும்

மஹ்சீர் என்பது ஒரே மீன் அல்ல. கெண்டைக் குடும்பத்தில் ‘டோர்’ என்ற பேரினம். 2019-ல் வெளியான ஓர் ஆய்வுத் தொகுப்பு, உலகில் அதில் 16 இனங்கள் இருப்பதாக ஏற்றுக்கொண்டது. இமயமலை ஆறுகளில் பொன்னிற மஹ்சீர். மகாராஷ்டிரத்தின் கிருஷ்ணா படுகையில் நீலத்துடுப்பு மஹ்சீர். காவிரிக்குத் திமில் மஹ்சீர். பொன் பூசினாற்போல் செதில்கள், ஆரஞ்சு நிறம் ஏறிய துடுப்புகள், வாயோரத்தில் மீசை. தாடையில் பல் கிடையாது, தொண்டைக்குள் இருக்கிறது. நண்டை ஓட்டோடு நொறுக்குவது அந்தத் தொண்டைப் பல்தான். ஆற்றோர மரங்களிலிருந்து உதிரும் பழம், நத்தை, பூச்சி, சின்ன மீன் என்று கிடைப்பதைத் தின்னும். 50 கிலோவைத் தாண்டும் நன்னீர்க் கெண்டைகள் உலகில் விரல்விட்டு எண்ணக்கூடியவையே.

இவ்வளவு பெரிய உடம்பு ஒரு மழைக்காலத்தில் வந்துவிடாது. மஹ்சீர் மெதுவாக வளரும். பல ஆண்டுகள் வாழ்ந்தால்தான் இந்த எடை. கட்லாவும் ரோகுவும் லட்சக்கணக்கில் முட்டையிடும்போது மஹ்சீர் ஆயிரக்கணக்கில்தான் இடும். கோடையில் ஆறு வற்றும்போது ஆழமான கயங்களில் ஒதுங்கிக் கிடக்கும் மஹ்சீர், மழை இறங்கி நீர் பெருகியதும் ஓட்டத்தை எதிர்த்து மேலே ஏறும். தெளிந்த நீர் கூழாங்கற்கள் மேல் புரண்டு ஓடும் இடத்தில் முட்டையிடும். மூழ்கிக் கற்களுக்கிடையே தங்கும் முட்டைக்கு ஓடுகிற நீரின் காற்று வேண்டும். கல் மேல் சேறு படிந்தால் முட்டை மூச்சடைத்துப் போகும். ஆழமான கயம், தடையில்லாத ஏற்றம், சுத்தமான கற்படுகை: மூன்றும் ஒரே ஆற்றில் ஒன்றோடொன்று இணைந்திருக்க வேண்டும்.

காவிரியில் அந்த இணைப்பு 20-ம் நூற்றாண்டில் துண்டு துண்டாக அறுந்தது. 1930-களின் தொடக்கத்தில் கிருஷ்ணராஜ சாகர் முடிந்தது. 1934-ல் மேட்டூர். 1955-ல் பவானிசாகர். அடுத்து அமராவதி. 1970-களில் கபினி. அணைகளைக் குறை சொல்லி எழுதுவது எளிது. டெல்டாவின் சோறு மேட்டூர்த் தண்ணீரில் வேகிறது என்பதை மறந்துவிட்டு எழுத முடியாது. ஆனால் இந்த அணைகளைக் கட்டியவர்கள் ஆற்றின் ஏற்ற இறக்கத்தோடு பயணிக்கும் உயிர்களைக் கணக்கில் எடுக்கவில்லை என்பதும் உண்மை. கடலிலிருந்து காவிரியில் ஏறி வந்த உல்லம் மீன் மேட்டூர் அணைக்குப் பிறகு வழியடைபட்டு மறைந்தது என்று கரையோரத்துப் பெரியவர்களுக்குத் தெரியும். மஹ்சீருக்கும் அதுவே நடந்தது. ஒரே பெரும் கூட்டமாக வாழ்ந்திருக்கக்கூடிய இனம், அணைகளுக்கு இடையில் சிறு சிறு கூட்டங்களாகச் சிறைப்பட்டது. ஒரு கூட்டம் அழிந்தால் இன்னொரு கூட்டம் வந்து அந்த இடத்தை நிரப்ப வழியில்லை.

புகழ் இருந்தது, பெயர் இல்லை

மதராஸ் மாகாணத்தில் ஆட்சிப் பணியில் இருந்த ஹென்றி சல்லிவன் தாமஸ் 1873-ல் இந்தியத் தூண்டில் மீன்களைப் பற்றி ஒரு புத்தகம் எழுதினார். தூண்டில் போடும் ஆங்கிலேயர்களுக்கு அது வேதமாயிற்று. மஹ்சீருக்கு உலகப் புகழ் வந்தது அந்த நூலால்தான். அதே ஆண்டுகளில் மீனியல் அறிஞர் பிரான்சிஸ் டே, கண்ணி சிறுத்த வலைகளும் நஞ்சும் அணைக்கட்டுகளும் நாட்டின் நன்னீர் மீன்களை எப்படி அழிக்கின்றன என்று அரசுக்கு அறிக்கை கொடுத்தார். 1897-ல் வந்த இந்திய மீன்வளச் சட்டம் ஆற்றில் தோட்டா போடுவதையும் நஞ்சு கலப்பதையும் தடை செய்தது. நூற்றிருபது ஆண்டுகளைக் கடந்த சட்டம். இன்றும் மலையடிவார ஆறுகளில் தோட்டா வெடிக்கிறது. காக்காய்க்கொல்லி விதைக்குப் பதில் இப்போது பிளீச்சிங் பவுடர்.

சுதந்திரத்துக்குப் பின் காவிரியின் பெரிய மஹ்சீர்கள் அழிந்தேவிட்டன என்று வெளியுலகம் நம்பியது. 1977-78-ல் பிரிட்டனிலிருந்து வந்த மூன்று தூண்டில்காரர்கள் காவிரியில் மாதக்கணக்கில் தங்கி, 90 பவுண்டைத் தாண்டிய மீனைப் பிடித்துக் காட்டினார்கள். அதற்குப் பிறகுதான் கர்நாடகத்தில் காலிபோரே, பீமேஸ்வரி பகுதிகளில் தூண்டில் முகாம்கள் எழுந்தன. 1972-ல் பெங்களூரில் தொடங்கப்பட்ட தென்னிந்திய வனவிலங்குச் சங்கம் ஆற்றின் ஒரு பகுதியைக் குத்தகைக்கு எடுத்துக் காவல் போட்டது. பிடித்த மீனை எடை போட்டு, படம் எடுத்து, உயிரோடு ஆற்றில் விட வேண்டும் என்பது முகாம்களின் விதி. முன்பு திருட்டுத்தனமாக மீன் பிடித்தவர்களில் பலர் அங்கே வழிகாட்டிகளாகவும் காவலர்களாகவும் சம்பளத்துக்குச் சேர்ந்தார்கள். தோட்டா போடத் தெரிந்தவனுக்குத்தான் தோட்டா போடுகிறவன் எந்தப் பாறைக்குப் பின்னால் ஒளிவான் என்று தெரியும். இந்த ஏற்பாட்டை நான் மதிக்கிறேன். மீனின் பெயரால் ஆற்றோர மனிதர்களுக்கு வருமானம் வந்த அபூர்வமான காலம் அது.

இத்தனை புகழும் பெற்ற மீனை அறிவியல் எந்தப் பெயரால் அழைப்பது என்பதில் மட்டும் குழப்பம் நீடித்தது. 1839-ல் கர்னல் சைக்ஸ் புனே பக்கத்து ஆறுகளிலிருந்து விவரித்த மீன்களின் பெயர்களை, ஒன்று மாற்றி ஒன்று, காவிரி மீனுக்குச் சூட்டிப் பார்த்தார்கள். எதுவும் பொருந்தவில்லை. நீண்ட காலம் ஒட்டியிருந்த ஒரு பெயர், மஹ்சீரே அல்லாத வேறொரு கெண்டைக்கு உரியது என்று 2013-ல் தெரிந்தது. சிவப்புப் பட்டியலில் இடம் வேண்டுமானால் முதலில் ஏற்கப்பட்ட பெயர் வேண்டும். பெயர் இல்லாத மீனுக்கு அங்கே வரிசையில் நிற்கவே அனுமதி இல்லை.

விடை வேறொரு மூலையில் காத்திருந்தது. கேரளத்தில் ஆனைமுடிப் பக்கம் பிறந்து, சின்னாறு சரணாலயம் வழியே கிழக்கு நோக்கித் தமிழ்நாட்டுக்குள் வரும் பாம்பாறு, உடுமலைக்கு மேலே அமராவதி அணையில் கலக்கிறது. அந்தப் பாம்பாற்றில் கிடைத்த சில சின்ன மஹ்சீர்களை மதுசூதன குருப்பும் ராதாகிருஷ்ணனும் 2007-ல் புதிய இனமாக விவரித்தார்கள். தென்னிந்திய நன்னீர் மீன்களை ஆராய்வதில் வாழ்நாளைச் செலவிட்ட, இந்திய விலங்கியல் ஆய்வு மையத்தின் ரமாதேவியைச் சிறப்பித்து ‘டோர் ரமாதேவி’ என்று பெயர் வைத்தார்கள். அந்தக் குட்டி மீன்களுக்கும் கபினியின் 54 கிலோ ராட்சதனுக்கும் உறவு இருக்கும் என்று அப்போது எவரும் நினைத்துப் பார்க்கவில்லை.

பிரிட்டனின் போர்ன்மவுத் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஏட்ரியன் பிண்டர், கொச்சியின் ராஜீவ் ராகவன், கோவை பாரதியார் பல்கலைக்கழகத்தின் மணிமேகலன், சென்னையின் மார்கஸ் நைட் உள்ளிட்ட ஆய்வாளர்கள் காவிரிப் படுகையில் எஞ்சிய திமில் மஹ்சீரைத் தேடினார்கள். நீலகிரிக்குக் கீழே மாயாற்றில் அது கிடைத்தது. உடல் அளவுகளையும் மரபணுவையும் ஒப்பிட்டபோது பாம்பாற்று மீனும் இதுவும் ஒரே இனம் என்று தெரிந்தது. 2018 ஜூனில் ஆய்வுக் கட்டுரை வெளிவந்தது. ஆண்டு முடிவதற்குள் சிவப்புப் பட்டியலில் இடம். காவிரியின் மாபெரும் மீன் இன்று உலகெங்கும் ஒரு தென்னிந்தியப் பெண் விஞ்ஞானியின் பெயரால் அறியப்படுகிறது.

நல்லெண்ணத்தின் விலை

இனிதான் கசப்பான பகுதி.

மகாராஷ்டிரத்தின் லோனாவாலாவில், தன் நீர்மின் தேக்கங்களை ஒட்டி டாட்டா மின் நிறுவனம் 1970-களின் தொடக்கத்தில் மஹ்சீர்க் குஞ்சுப் பொரிப்பகம் ஒன்றை அமைத்தது. மஹ்சீர் நாடெங்கும் குறைந்துவருகிறது என்ற கவலையில் பிறந்த முயற்சி அது. அங்கே செயற்கை முறையில் பொரிக்கப்பட்டது அந்தப் பகுதியின் சொந்த மீனான நீலத்துடுப்பு மஹ்சீர். நுட்பம் வெற்றி பெற்றது. லட்சக்கணக்கில் உருவான குஞ்சுகள் பல மாநிலங்களுக்குப் போயின. காவிரிக்கும் வந்தன. பிறகு கர்நாடகத்திலேயே பொரிப்பகம் அமைத்து, விரல் நீளக் குஞ்சுகளான விரலிகள் விடப்பட்டன. மஹ்சீர் குறைந்த ஆற்றில் மஹ்சீர் விடுகிறோம். இதில் தப்பு என்ன இருக்கிறது என்றுதான் எல்லோரும் நினைத்திருப்பார்கள். காங்கேயம் மாடு அருகிவருகிறதே என்று கவலைப்பட்டு, ஊர் ஊராகச் சிந்து மாடுகளைக் கொடுத்துவிட்டு, மாடு பெருகிவிட்டது என்று சந்தோஷப்பட்டால் எப்படி இருக்கும்? காவிரியில் நடந்தது அதுதான்.

இதற்கான சாட்சியம், எதிர்பாராத இடத்திலிருந்து வந்தது. காலிபோரே முகாமில் பிடித்து விட்ட ஒவ்வொரு மீனையும் பதிவேட்டில் குறித்து வைத்திருந்தார்கள். 1998 முதல் 2012 வரை 6,000-க்கும் மேற்பட்ட மஹ்சீர்களின் விவரம். பிண்டரும் ராஜீவ் ராகவனும் அந்தப் பதிவேடுகளை எடுத்து ஆராய்ந்தார்கள். மொத்தமாகப் பார்த்தால் மகிழ்ச்சியான செய்தி: ஆண்டுக்கு ஆண்டு மீன்கள் கூடுதலாகச் சிக்கியிருக்கின்றன. பாதுகாப்பு பலன் தருகிறது என்று முகாம்காரர்கள் நம்பியதற்கு நியாயம் இருந்தது. எந்த மஹ்சீர் என்று பிரித்துப் பார்த்தபோது படம் மாறியது. கூடியது அத்தனையும் நீலத்துடுப்பு. திமில் மஹ்சீர் 2000-களின் நடுவிலிருந்து அரிதாகிக்கொண்டே போயிருந்தது. அபூர்வமாகச் சிக்கியவையும் பெரும்பாலும் வயதான பெரிய மீன்கள். இளம் மீன்கள் வரவில்லை. அதாவது, கிழடுகள் இருந்தன. அடுத்த தலைமுறை உருவாகவில்லை. ஆண்டுக்கணக்கில் மஹ்சீர் எண்ணிக்கை ஏறிக்கொண்டிருந்த அதே ஆற்றில், அந்த ஆற்றின் மஹ்சீர் அழிந்துகொண்டிருந்தது.

வந்தேறி மீன் வேகமாகப் பெருகும்போது இரைக்கும் இடத்துக்கும் போட்டி வருகிறது. நெருங்கிய இனங்கள் கலந்துவிடும் ஆபத்தும் உண்டு. கலப்பு நடந்தால் சொந்த மீனின் மரபணுவே நீர்த்துப்போகும். இதோடு கர்நாடக, தமிழக எல்லைகளில் மணல் அள்ளுதலும் ஊர்க் கழிவும் தோட்டாவும் சேர்ந்துகொள்கின்றன. பண்ணைகளிலிருந்து வெள்ளத்தில் தப்பி வந்த ஆப்பிரிக்கக் கெளுத்தி இன்னொரு பகைவன். வாய்க்கு அகப்படும் எல்லாவற்றையும் விழுங்கும் மீன் அது. தடை இருந்தும் வளர்க்கிறார்கள். அமராவதி அணையில் வலை போட்டால் ஜிலேபிக் கெண்டைதான் கூடை கூடையாக வருகிறது. அதுவும் ஆப்பிரிக்காவிலிருந்து வந்ததே. நம் அணைகளில் அரசே இருப்புச் செய்யும் கட்லா, ரோகு, மிர்கால் மூன்றும் கங்கைச் சமவெளியின் மீன்கள். ஏழைகளின் தட்டில் விலை குறைந்த மீன் விழ வேண்டும் என்பதில் எனக்கு மறுப்பில்லை. ஆனால் தேக்கத்தில் மீன் வளர்ப்பதும் ஆற்றின் உயிர்களைக் காப்பதும் இரண்டு வெவ்வேறு வேலைகள். ஒரே துறை, ஒரே விரலிப் பையை வைத்துக்கொண்டு இரண்டையும் செய்ய முடியாது.

2012-ல் முகாம்களில் தூண்டில் விளையாட்டு நின்றது. சரணாலயத்துக்குள் மீன் பிடிப்பதும் வேட்டைதான் என்று வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்துக்கு விளக்கம் தரப்பட்டது. சட்டத்தின் எழுத்துப்படி அது சரியாக இருக்கலாம். விளைவு என்னவென்றால், ஆற்றங்கரையில் இரவும் பகலும் இருந்த கண்கள் குறைந்தன. மீன்களைப் பற்றிய ஒரே தொடர் பதிவேடும் மூடப்பட்டது. பிடித்து விடுவதில் மீனுக்கு வேதனை உண்டு என்பதை மறுக்க முடியாது. ஆனாலும் தடை போட்டவர்கள் அந்தக் கண்களுக்கு மாற்றாக வேறு கண்களை வைத்திருக்க வேண்டும்.

மாயாறு

தமிழ்நாடு இதில் வெறும் பார்வையாளர் அல்ல. திமில் மஹ்சீருக்கு மிச்சமிருக்கும் சிறந்த புகலிடங்களில் ஒன்று நம் எல்லைக்குள் இருக்கிறது.

பைக்காராவாகப் பிறக்கும் ஆறு, நீலகிரியின் வடக்குச் சரிவில் இறங்கிக் கிழக்கே திரும்பி, மாயாறாகப் பெரும் பள்ளத்தாக்கை அறுத்துக்கொண்டு ஓடுகிறது. ஒரு கரையில் முதுமலை, எதிரே பந்திப்பூர், கீழே சத்தியமங்கலம். மூன்றும் புலிகள் காப்பகங்கள். பாறுக் கழுகுகள் கூடு கட்டுவதும் நீர்நாய்கள் கூட்டமாக வேட்டையாடுவதும் முதலைகள் மணல் திட்டில் படுத்திருப்பதும் இந்த ஆற்றோரம்தான். தெங்குமரஹாடா ஊருக்குப் போகிறவர்கள் பரிசலில் கடப்பதும் இதே ஆறு. பவானிசாகரில் முடிகிறது. யானையும் புலியும் முதலையும் மனிதர்களைத் தள்ளி வைத்ததால்தான் இந்த மீன் தப்பியது என்று சொன்னால் மிகையாகாது.

ஆனால் புலிக்குக் காப்பகம் என்றால் மீனுக்கும் காப்பகம் என்று முடிவு கட்டிவிடக் கூடாது. மாயாற்றின் நீர், மேலே உள்ள மின்நிலையங்களின் பிடியில் இருக்கிறது. 1930-களில் பைக்காராவிலும் 1950-களில் மாயாற்றிலும் தொடங்கிய மின் உற்பத்தி, ஊரில் மின்தேவை கூடும் நேரத்தில் நீரைத் திறந்துவிடும். தேவை குறைந்ததும் மூடும். மழைக்குக் காத்திருந்து ஏறும் மீனுக்கு, ஒரு நாளிலேயே பெருகி வற்றும் நீர் எந்தப் பருவம் என்று எப்படித் தெரியும்? கரையோரக் கற்களில் இட்ட முட்டை மறுநாள் வெயிலில் காய்ந்துபோகலாம். இந்த மீன் எப்போது, எந்தக் கற்படுகையில் முட்டையிடுகிறது என்பதைக் கண்டறிந்து, அந்த வாரங்களில் மட்டுமாவது நீரை ஏற்றி இறக்காமல் சீராக விடச் சொல்லி மின்வாரியத்திடம் வனத்துறை கேட்க முடியும். இரண்டும் ஒரே அரசின் கீழ் இருப்பவை. கேட்பதற்கு ஒரு கடிதம் போதும். அந்தக் கடிதத்துக்கு ஆதாரமாக ஆய்வு வேண்டும்.

அதற்கும் முன்னால் செய்ய வேண்டியது, மாயாற்றிலும் அதில் கலக்கும் ஓடைகளிலும் மட்டுமல்ல, பவானிசாகர் தேக்கத்திலும் எந்த மஹ்சீர் விரலியையும் வெளியிலிருந்து கொண்டுவந்து விடக் கூடாது என்ற ஆணை. தேக்கத்தில் விட்டால் அது ஆற்றில் ஏறும். மஹ்சீரின் குணமே ஏறுவதுதான். நீலத்துடுப்பு ஏற்கெனவே எங்கெல்லாம் வந்துசேர்ந்திருக்கிறது என்று ஆற்றுநீரில் கரைந்திருக்கும் மரபணுத் துணுக்குகளை வைத்தே இன்று கண்டுபிடிக்கலாம். வலை வீசி அரிய மீனைத் துன்புறுத்தத் தேவையில்லை. சில குப்பிகள் தண்ணீர் போதும்.

தமிழக அரசு 2022 நவம்பரில் கிருஷ்ணகிரி, தருமபுரி மாவட்டங்களில் 686 சதுர கிலோமீட்டர் காட்டைக் காவிரி தெற்கு வன உயிரினச் சரணாலயம் என்று அறிவித்தது. எதிர்க்கரையில் கர்நாடகத்தின் காவிரி சரணாலயம். ஒரு காலத்தில் திமில் மஹ்சீரின் அரண்மனையாக இருந்த ஆற்றுப்பகுதிக்கு இரு கரையிலும் சட்டப் பாதுகாப்பு கிடைத்திருக்கிறது. ஆனால் யானை வழித்தடத்துக்கு எழுதும் மேலாண்மைத் திட்டத்தில் ஆற்றுக்குள் என்ன இருக்கிறது என்பதற்கும் ஓர் அத்தியாயம் வேண்டும். கர்நாடகம் கட்ட நினைக்கும் மேகேதாட்டு அணைக்கு இந்தப் பகுதியை ஒட்டித்தான் இடம் குறித்திருக்கிறார்கள். 67 டி.எம்.சி. நீரைத் தேக்கினால் காலிபோரே உள்ளிட்ட ஓடுநீர்ப் பகுதி அசையாத ஏரியாகிவிடும். நாம் இந்த அணையை நம் பங்கு நீருக்காக எதிர்க்கிறோம், அது நியாயம். காவிரியின் நடுப்பகுதியில் இன்னும் அணைபடாமல் பாயும் நீளமான ஓட்டத்தைக் காக்க வேண்டும் என்ற வாதமும் அதோடு சேர்ந்தால், இரு மாநிலங்களிலும் ஆற்றை நேசிக்கிறவர்கள் ஒரே பக்கம் நின்று பேச முடியும்.

செயற்கைப் பொரிப்பு தேவையே இல்லையா என்று கேட்கலாம். தேவைப்படலாம். எஞ்சியிருப்பது கொஞ்சம் என்னும்போது கடைசிக் காப்பீடாக அது வேண்டும். ஆனால் தாய் மீன்கள் டோர் ரமாதேவிதான் என்று மரபணுச் சோதனையில் உறுதி செய்த பிறகே பொரிக்க வேண்டும். நீலத்துடுப்பு வளரும் பொரிப்பகத்தின் தொட்டியில் இதை வைக்கக் கூடாது. சில சோடிகளின் பிள்ளைகளை மட்டும் ஆயிரக்கணக்கில் விட்டால் எண்ணிக்கை கூடும், வகைமை சுருங்கும். ஆகவே எந்தச் சோடியின் குஞ்சு எங்கே போனது என்ற கணக்கு வேண்டும். அழிந்த இடத்தில் விடுவதற்கு முன், அந்த இடத்தில் அழித்த காரணம் நீங்கியிருக்க வேண்டும். தோட்டா வெடிக்கும் கயத்தில் அமைச்சர் கையால் விரலியை விட்டுப் படம் எடுத்துக்கொள்வதில் பலனில்லை.

இந்த வேலைகளுக்குக் கோடிகள் வேண்டியதில்லை. ஆற்றங்கரைப் பழங்குடி இளைஞர்களையும் பரிசல்காரர்களையும் மாதச் சம்பளத்துக்கு ஆற்றுக் காவலர்களாக எடுக்கலாம். காட்டுத்தீக்கும் வேட்டைத் தடுப்புக்கும் ஏற்கெனவே அப்படித்தான் எடுக்கிறோம். அவர்கள் கையில் ஒரு பதிவேடு கொடுத்து, கண்ட மீனின் துடுப்பு ஆரஞ்சா நீலமா என்று எழுதச் சொல்லலாம். காலிபோரேயில் 15 ஆண்டுப் பதிவேடு இல்லாமல் போயிருந்தால் இந்த மீன் மறைந்துகொண்டிருப்பதே நமக்குத் தெரிந்திருக்காது. மாயாற்றுக்கு அப்படி ஒரு பதிவேடு இந்த ஆண்டு மழைக்கு முன்பே தொடங்கப்பட வேண்டும்.